170 செ.மீ உயரத்தில் ஒரு லெஃப்ட் பேக்: யூட்டோ நகட்டோமோ எப்படி இத்தனை காலம் நின்றார்?

கேள்வி இது: "ஜப்பான் கால்பந்து வீரர் நகட்டோமோ 170 செ.மீ உயரம்தான். பந்தாட்டத்தில் மேதை என்றும் யாரும் அவரைச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் இத்தாலியின் இன்டர் மிலானில் ஏழு வருடம் ஆடியதும், நான்கு உலகக் கோப்பைகளில் இடம் பிடித்ததும் எப்படி? பின்கள வீரருக்கு உயரம் தேவையில்லையா?"

2010 உலகக் கோப்பையிலிருந்து அவர் ஆட்டத்தை விடாமல் பார்த்து வருகிறேன். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் உயரம். கோலுக்கு நேர் எதிரே நிற்கும் சென்டர் பேக்குக்கு உயரம் வேண்டும், அதில் பேச்சே இல்லை. நகட்டோமோவோடு பல வருடம் தேசிய அணியில் ஆடிய மாயா யோஷிதா 189 செ.மீ. ஆனால் ஓரத்தில் நிற்கும் ஃபுல் பேக்கின் (இடது ஓரம் என்றால் லெஃப்ட் பேக்) பிழைப்பு வேறு. எதிரணி விங்கர், அதாவது ஓரத்தில் ஏறித் தாக்கும் வீரர், கோட்டோரமாகப் பந்தோடு வரும்போது, அவர் உள்ளே வெட்டினாலும் வெளியே போனாலும் சட்டென்று உடம்பைத் திருப்பி ஒட்டிக்கொள்ள வேண்டும். நம்மாட்கள் கையில் பந்து வந்த மறுநொடி, அதே கோட்டோரம் மேலே ஓடி கிராஸ் போட வேண்டும், அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தை அனுப்ப வேண்டும். அந்த கிராஸ் வீணானால் எழுபது எண்பது மீட்டர் திரும்ப ஓடி வந்து தன் இடத்தில் நிற்க வேண்டும். இதையே 90 நிமிடமும் செய்ய வேண்டும். குட்டையான, கால்கள் கெட்டியான, மூச்சு தாங்குகிற ஆளுக்கு இது வரம் மாதிரியான இடம். தொல்லை எங்கே வரும் என்றால், எதிர்ப்பக்கத்திலிருந்து தூரக் கம்பத்துக்கு உயரமாக வரும் பந்தில். நகட்டோமோவுக்கும் கடைசிவரை அது தொல்லையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு ஆட்டத்தில் அப்படி நாலைந்து பந்துகள் வரும். ஓட்டமோ நூறு தடவை ஓட வேண்டியிருக்கும்.

எனவே உயரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் வேறு. அவருடைய முதுகு. அதைச் சொல்ல அவருடைய இளமைக்குப் போக வேண்டும்.

1986 செப்டம்பர் 12-ல் ஷிகோகு தீவில் எஹிமே மாகாணத்தின் சைஜோ நகரத்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். மூன்று பிள்ளைகளையும் அம்மா தனியாளாக வளர்த்தார். பக்கத்திலிருந்த எஹிமே எஃப்சி கிளப்பின் சிறுவர் அணித் தேர்வுக்குப் போனார், தேறவில்லை. அந்த வயதில் தேர்வில் விழுந்த பையன் பிறகு தொழில்முறை ஆட்டக்காரன் ஆவது எளிதல்ல. ஏனென்றால் அந்த வயதில் நல்ல பயிற்சி, நல்ல எதிரணி எல்லாம் பெரும்பாலும் அந்த கிளப் அணிகளில் கிடைக்கும். இவர் சாதாரண அரசுப் பள்ளி அணிக்குப் போனார். கொஞ்ச காலம் வீடியோ கேம் கடைகளில் திரிந்தார். ஒரு ஆசிரியர்தான் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மைதானத்தில் விட்டார். அந்தப் பள்ளிக் காலத்தில் நெடுந்தூர ஓட்டப் பயிற்சியும் எடுத்தார். பின்னாளில் இத்தாலிய விங்கர்களின் மூச்சை வாங்கிய அந்த ஓட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளிக்குக் கால்பந்துக்குப் பேர்போன ஹிகாஷி ஃபுகுவோகாவுக்குப் போனார். அங்கே அவர் நடுக்கள வீரர். நாடு தழுவிய கவனமெல்லாம் கிடைக்கவில்லை. அதன்பின் டோக்கியோவின் மெய்ஜி பல்கலைக்கழகம். அங்கேதான் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, பயிற்சியாளர் அவரை நடுக்களத்திலிருந்து ஓரத்துக்கு, ஃபுல் பேக் இடத்துக்கு மாற்றினார். மற்றொன்று, முதுகுத்தண்டின் வட்டு பிதுங்கி, ஓட முடியாமல் போனது.

ஆட முடியாத நாட்களில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, பல்கலைக்கழக அணிக்காகப் பெரிய டிரம் அடித்துக்கொண்டிருந்தார். ஜப்பானில் கால்பந்து பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. அவரும் பேட்டிகளில் சொல்வார். நல்லாவே அடிப்பாராம். தொலைக்காட்சிக்காரர்களுக்கு டிரம் பிடித்திருக்கிறது, அதனால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த நாட்களில் அவர் தன் உடம்பைப் படிக்க ஆரம்பித்தது. முதுகு பலவீனம் என்றால் அதைச் சுற்றியிருக்கும் தசை, அதாவது வயிறு, இடுப்பு, முதுகின் அடித்தசைகள், அவைதான் பாரத்தைத் தாங்க வேண்டும். அந்த நடுவுடம்புப் பயிற்சியை அவர் ஒரு மருந்தாகத்தான் தொடங்கினார். வலி போன பிறகும் விடவில்லை. பின்னால் ஜப்பான் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் அவர் பெயரைச் சொல்லி அந்தப் பயிற்சியைச் செய்யும் அளவுக்கு அது பரவியது.

இதனால் களத்தில் என்ன கிடைத்தது? நடுவுடம்பு கெட்டியாக இருந்தால், தோளோடு தோள் மோதும்போது 185 செ.மீ ஆள் வந்து இடித்தாலும் கால் தடுமாறாது. முழு வேகத்தில் ஓடும்போது நின்று திரும்புவதற்கு ஆகும் நேரம் குறையும். உயரம் இல்லாத குறையை அவர் ஈடுகட்டிய இடம் இதுதான். நோயாக வந்தது, கடைசியில் சம்பாத்தியமாகிவிட்டது.

எஃப்சி டோக்கியோவின் கண்ணில் மாணவராக இருக்கும்போதே பட்டார். 2008-ல் அந்த கிளப்பில் தொழில்முறை வீரரானார். அதே ஆண்டு மே 24-ல் ஐவரி கோஸ்ட்டுக்கு எதிராகத் தேசிய அணியில் முதல் ஆட்டம். ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக். அமெரிக்கா, நைஜீரியா, நெதர்லாந்து, மூன்று பேரிடமும் தோற்று ஜப்பான் வெளியேறியது. அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் பாருங்கள்: கெய்சுகே ஹோண்டா, ஷின்ஜி ஒகசாகி, ஷின்ஜி ககாவா, அட்சுடோ உசிதா, மாயா யோஷிதா, நகட்டோமோ. அடுத்த பத்து வருட ஜப்பான் கால்பந்தின் முதுகெலும்பே அந்தத் தோற்ற அணிதான்.

இனி 2010. தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பைக்கு முன் ஜப்பான் செர்பியா, தென் கொரியா, இங்கிலாந்து, ஐவரி கோஸ்ட் என்று வரிசையாக நான்கு பயிற்சி ஆட்டங்களில் தோற்றிருந்தது. பயிற்சியாளர் ஒகாடாவை மாற்றச் சொல்லிக் கூச்சல். அவர் கடைசி நேரத்தில் அணியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டினார்: பின்களத்துக்கு முன்னால் கூடுதலாக ஒரு ஆள், முன்னால் ஹோண்டா. ஜூன் 14, புளூம்ஃபோன்டைன், முதல் ஆட்டம் கேமரூனோடு. கேமரூனின் நட்சத்திரம் சாமுவேல் எட்டோ, மூன்று வாரம் முன்புதான் இன்டர் மிலானோடு சாம்பியன்ஸ் லீக் உட்பட மூன்று கோப்பைகளை முடித்துவிட்டு வந்தவர். அவரைக் கேமரூன் வலது ஓரத்தில் நிறுத்தியது. அதாவது நகட்டோமோவின் எல்லையில்.

அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் பந்தைப் பார்க்காமல் நகட்டோமோவை மட்டும் பாருங்கள். எட்டோ பந்தை வாங்குமுன் அவர் ஒரு கை தூரத்தில் இருப்பார். வாங்கியபின் பாய்ந்து விழுந்து பறிக்க முயல மாட்டார். எட்டோவின் முகம் கோல் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். திரும்ப முடியாத எட்டோ பந்தைப் பின்னுக்கே தள்ளிக்கொண்டிருந்தார். ஹோண்டா அடித்த ஒரே கோலில் ஜப்பான் வென்றது. அடுத்து நெதர்லாந்திடம் 0-1 தோல்வி, கோல் அடித்தவர் வெஸ்லி ஸ்னைடர். டென்மார்க்கை 3-1 என்று வென்று, இரண்டாவது சுற்றில் பராகுவேயிடம் பெனால்டியில் தோற்றார்கள். நான்கு ஆட்டத்திலும் நகட்டோமோ.

எட்டோ, ஸ்னைடர். இந்த இரண்டு பெயரையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகக் கோப்பை முடிந்ததும் இத்தாலியின் செசெனா அவரை வாடகைக்கு எடுத்தது. அப்போதுதான் முதல் பிரிவுக்கு ஏறி வந்த சின்ன கிளப். ஆகஸ்ட் 28-ல் ரோமின் ஒலிம்பிகோ மைதானத்தில் ரோமாவுக்கு எதிராக முதல் ஆட்டம், 0-0. இரண்டு வாரத்தில் ஏசி மிலானைச் சொந்த ஊரில் 2-0 என்று சாய்த்தார்கள். தற்காப்பை ஒரு பாடமாகவே வைத்திருக்கும் நாட்டில், ஒரு ஜப்பானியப் பின்கள வீரர் தவறாமல் இடம் பிடிக்கிறார் என்பதே அப்போது செய்தி. அதற்கு முன் இத்தாலியில் பேர் வாங்கிய ஹிடெடோஷி நகாட்டாவும் ஷுன்சுகே நகமுராவும் நடுக்கள வீரர்கள்.

2011 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. அரையிறுதியில் தென் கொரியாவோடு ஜப்பான் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, இடது ஓரத்தில் உள்ளே புகுந்து மயேடாவுக்குப் பந்தைக் கொடுத்துச் சமன் செய்ய வைத்தவர் நகட்டோமோ. அந்த ஆட்டம் கூடுதல் நேரம், பெனால்டி வரை போனது. நான்கு நாள் கழித்து ஜனவரி 29-ல் ஆஸ்திரேலியாவோடு இறுதி ஆட்டம். அதுவும் கூடுதல் நேரம். பயிற்சியாளர் சக்கெரோனி உயரமான சென்டர் பேக் இவாமசாவைக் களமிறக்கி, கொன்னோவை லெஃப்ட் பேக்குக்கு நகர்த்தி, நகட்டோமோவை ஒரு படி முன்னே தள்ளினார். எல்லோருடைய காலும் செத்துப்போயிருந்த 109-வது நிமிடம். நகட்டோமோ இடது கோட்டோரம் தன்னை மறித்தவரைத் தாண்டி ஓடி, கிராஸ் போட்டார். நடுவில் யாரும் தொடாமல் தனியே நின்ற தடனாரி லீ, பந்து தரையைத் தொடுமுன் இடது காலால் அடித்தார். 1-0. ஜப்பானுக்கு நான்காவது ஆசியக் கோப்பை. எல்லோரும் லீயின் அந்த அடியைப் பார்ப்பார்கள். எனக்கு அதற்கு முந்தைய ஐந்து நொடிதான். ஐந்து நாளில் இரண்டாவது முறையாக 100 நிமிடத்தைத் தாண்டி ஆடுகிற ஒருவர், அப்போதுதான் களமிறங்கியவர் போல ஓடுகிறார்.

இரண்டே நாள். ஜனவரி 31, ஆட்டக்காரர் மாற்றச் சந்தையின் கடைசி நாள், இன்டர் மிலான் அவரை முதலில் வாடகைக்கு எடுத்தது. இன்டரின் சொந்தப் பிள்ளையான டவிடே சான்டோன் அதற்கு ஈடாகச் செசெனாவுக்குப் போனார். ஐரோப்பாவின் சாம்பியனும் உலக கிளப் சாம்பியனுமான அணி அது. அந்த உடைமாற்றும் அறையில் எட்டோ இருந்தார், ஸ்னைடர் இருந்தார். ஏழு மாதம் முன் துரத்திக்கொண்டு ஓடியவர்கள் பக்கத்து இருக்கையில்!

இன்டரின் ஏழு வருடத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். அவர் போன நேரம் அந்த கிளப் சரியத் தொடங்கிய நேரம். முதல் சில மாதங்களில் கிடைத்த இத்தாலியக் கோப்பையைத் தவிர, அங்கே வேறு கோப்பை இல்லை. அந்த வசந்தத்திலேயே சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ஜெர்மனியின் ஷால்கேயிடம் சொந்த மைதானமான சான் சிரோவில் 2-5 என்று தோற்றார்கள். ஷால்கேயின் வலது பின்களத்தில் இருந்தவர் தேசிய அணியின் மறுபக்க ஃபுல் பேக் உசிதா. அதன்பின் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். லெயோனார்டோ, கஸ்பெரினி, ரனியேரி, ஸ்ட்ரமச்சோனி, மஸ்ஸாரி, மன்சினி, டி போயர், பியோலி, ஸ்பல்லெட்டி. இடைக்காலத்தார் நீங்கலாக ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, ஒவ்வொருவருக்கும் வாங்கி வரவேண்டிய ஒரு லெஃப்ட் பேக். ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் "நகட்டோமோ கிளம்புகிறார்" என்று பத்திரிகைகள் எழுதும். பருவம் தொடங்கிச் சில வாரத்தில் அவர் திரும்ப அணியில் இருப்பார். புதிதாக வந்தவர் காயப்படுவார், அல்லது சொதப்புவார். இவரோ வலது பக்கமும் ஆடுவார், இடது பக்கமும் ஆடுவார், எந்த நாளும் பயிற்சியில் முதல் ஆள். மஸ்ஸாரி பின்னால் மூன்று பேரை வைத்து, ஓரங்களில் மேலும் கீழுமாக ஓடும் விங் பேக் முறை ஆடியபோது, 2013-14 பருவத்தில் லீகில் மட்டும் ஐந்து கோல் அடித்தார். அவருடைய சிறந்த பருவம் அதுதான் என்பது என் எண்ணம். எல்லாப் போட்டிகளும் சேர்த்து இன்டருக்காக 200 ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கிறார். கோல் அடித்ததும் கேப்டன் சனெட்டியும் அவரும் எதிரெதிரே நின்று ஜப்பானிய முறையில் குனிந்து வணங்கிக்கொள்வார்கள். இன்டர் ரசிகர்களுக்கு அது பெரிய கொண்டாட்டம். சனெட்டியும் ஃபுல் பேக்தான், நாற்பது வயதுவரை ஆடியவர். நீண்ட நாள் ஆடுவது எப்படி என்பதைத் தினமும் பக்கத்தில் பார்க்க அதைவிட நல்ல ஆள் கிடைத்திருக்க முடியாது.

நல்லதை மட்டும் சொன்னால் பதில் முழுமையாகாது. 2014 பிரேசில் உலகக் கோப்பையில் ஐவரி கோஸ்ட்டுக்கு எதிராக ஜப்பான் முன்னிலையில் இருந்தது. இரண்டு நிமிட இடைவெளியில் ஒரே ஓரத்திலிருந்து, செர்ஜ் ஓரியே போட்ட இரண்டு கிராஸ்கள், இரண்டும் தலையால் முட்டிய கோல்கள். அந்த ஓரம் ஜப்பானின் இடது ஓரம். நகட்டோமோ மேலே ஏறி ஆடும் பழக்கம் உள்ளவர். அவருக்கு முன்னால் இருந்த ககாவா உள்ளே நகர்ந்து ஆடுபவர். யாரும் ஓரியேயை மறிக்கவில்லை. தவறு அவர் ஒருவருடையது அல்ல, ஆனால் ஏறி ஆடும் ஃபுல் பேக் கொடுக்கும் விலை இது. கொலம்பியாவிடம் 1-4 என்று தோற்று வெளியேறியபின், செய்தியாளர்கள் முன் பேச முடியாமல் அழுதார். 2017 ஏப்ரலில் நாப்போலியோடு நடந்த ஆட்டத்தில், சுலபமாக வெளியேற்ற வேண்டிய பந்தை அவர் விட்டுவிட, கயெஹோன் கோலாக்கினார். ஆட்டமே அந்த ஒரு கோலில் போனது. இணையத்தில் அவருக்குக் கிடைத்த வசவு கொஞ்சமல்ல.

இதற்கு நடுவில் உடம்பும் படுத்தியது. 2013-ல் முழங்கால் குருத்தெலும்பு, பிறகு அடிக்கடி தசைக் கிழிவுகள். முப்பதை நெருங்கும் வேளையில் சாப்பாட்டையே மாற்றினார். தனக்கென்று ஒரு சமையல்காரரை வைத்துக்கொண்டு, சர்க்கரையைக் குறைத்து, மீனையும் நல்ல கொழுப்பையும் கூட்டி, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து உண்ணத் தொடங்கினார். இருபது வயதில் முதுகுக்குச் செய்ததையே முப்பது வயதில் தசைகளுக்குச் செய்தார் என்று சொல்லலாம்.

2018 ஜனவரியில் துருக்கியின் கலட்டாசரே. அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டம். இன்டரில் கிடைக்காதது அங்கே கிடைத்தது. அந்த அக்டோபரில் ஷால்கேயோடு நடந்த ஆட்டத்தில் பந்து நெஞ்சில் பட்டு நுரையீரலில் காற்றுக் கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். மூன்று மாதத்தில் ஆசியக் கோப்பையில் ஆடினார். 2020-ல் பிரான்சின் மார்செய், ஒரு பருவம். அங்கே ஹிரோகி சகாயும் இருந்ததால் ஒரே கிளப்பின் இரண்டு ஓரத்திலும் ஜப்பானியர்கள். 2021 செப்டம்பரில், 11 வருடம் கழித்து, எஃப்சி டோக்கியோவுக்கே திரும்பினார்.

ரஷ்ய உலகக் கோப்பையை விட்டுவிட மனமில்லை. தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது பயிற்சியாளர் ஹலில்ஹோஜிச்சை நீக்கிவிட்டார்கள். கிழட்டு அணி என்று ஊரே பேசியது. செனகலோடு 0-1 என்று பின்தங்கியிருந்தபோது ஷிபாசாகி பின்னாலிருந்து தூக்கிப் போட்ட நீளமான பந்தை, முன்னே ஓடியிருந்த நகட்டோமோ காலில் வாங்க, இனுயி வளைத்து உள்ளே அடித்தார். அந்தப் பந்தை வாங்கிய லாவகத்தைப் பார்த்தால், பந்துத் திறமை இல்லாதவர் என்ற பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளத் தோன்றும். பெல்ஜியத்திடம் 2-0 முன்னிலையிலிருந்து 2-3 என்று கடைசி நொடியில் தோற்றதை ஜப்பான் ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை.

கடைசியாக 2022 கத்தார். தகுதிச் சுற்றில் ஓமனிடமும் சவுதியிடமும் தோற்றபோது, 35 வயது லெஃப்ட் பேக்கை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். பல ஆட்டங்களில் இரண்டாம் பாதியில் யூட்டா நகயாமா அவருக்குப் பதிலாக இறங்குவார். போட்டிக்குச் சற்று முன் நகயாமா காயத்தால் விலக, சிவப்புச் சாயம் பூசிய தலையோடு நகட்டோமோ ஜெர்மனி, கோஸ்டா ரிகா, ஸ்பெயின், குரோஷியா என்று நான்கு ஆட்டத்தையும் தொடங்கினார். எதையும் முடிக்கவில்லை. ஜெர்மனியோடு 57-வது நிமிடத்தில் அவர் வெளியேற, இளைஞர் மிட்டோமா உள்ளே வந்தார். முதல் பாதியில் எதிரணியின் வேகத்தை வாங்கிக்கொண்டு, கால் ஓய்ந்ததும் ஓடக்கூடியவரிடம் இடத்தைக் கொடுப்பது, அதுதான் அவருடைய வேலை. அதை முகம் சுளிக்காமல் செய்தார். ஜெர்மனியை 2-1 என்று வென்றபின் ஒலிவாங்கி முன் நின்று "பிராவோ!" என்று அவர் போட்ட கூச்சல், அந்த மாதம் ஜப்பான் முழுக்கப் பிள்ளைகள் வாயில் இருந்தது.

2022 வரை நான்கு உலகக் கோப்பை, 15 ஆட்டம், பதினைந்திலும் முதல் பதினொருவரில் ஒருவர். அதுவரை ஜப்பானில் வேறு யாரும் அத்தனை ஆடியதில்லை. தேசிய அணி ஆட்டங்களில் அவருக்கு முன்னால் இருப்பவர் 152 ஆட்டங்கள் ஆடிய யசுஹிட்டோ எண்டோ ஒருவர்தான்.

கத்தாருக்குப் பிறகு இரண்டரை வருடம் தேசிய அணிக்காகக் களமிறங்கவில்லை. 2024 மார்ச்சிலிருந்து அழைப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. பயிற்சியில் இளையவர்களோடு ஓடி, ஆட்டத்தன்று பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து, மெய்ஜி நாட்களைப் போலவே ஓரத்திலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். 2025 ஜூலையில் கிழக்காசியத் தொடரில் சீனாவுக்கு எதிரான ஆட்டத்தில் திரும்ப இறங்கினார். அப்போது அவருக்கு 38 வயது.